புரட்டு

நவநீதன் சாரை நான் சார் என்று கூப்பிடுவது வாயால் மட்டும்தான். மனசுக்குள் அவன், இவன்தான். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு அவன் புரொடக்‌ஷன் மேனேஜர். நான் பாக்கிங் செக்‌ஷனில் டப்பா மடிக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை கட்டிங் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர், எனக்குக் கீழே முப்பத்திரண்டு பேர். என்னை அங்கிருந்து இங்கே தள்ளியது அவன் நாக்கு. அந்த நாக்காலேயே உண்மையை எல்லார் முன்னாலும் சொல்ல வைக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த இரண்டு வருஷமும் சாமியிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். ஸ்வேட் ஷூ ஆர்டர் ஒன்று வந்தது. சாதாரண ஷூவுக்குத் தோலின் வழவழப்பான முகப்பக்கம் வெளியே இருக்கும். ஸ்வேட் ஷூவுக்குத் தலைகீழ், சொரசொரப்பான சதைப்பக்கம்தான் வெளியே. அதனால் சதைப்பக்கத்தை மேலே வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஒரு மிஷினில் வலது காலுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து மிஷினில் காசியண்ணன் இடது காலுக்கு. நான் தோல் வாங்கி வர ஸ்டோருக்குப் போனேன். போன நேரத்தில் இவன் வந்திருக்கிறான். "சதைப்பக்கத்துல கீறலே தெரியலையே, முகப்பக்கத்தைப் பார்த்து வெட்டு, புரட்டிப் போடு" என்று காசியண்ணனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு காகிதத்தில் இடது கையை வைத்து வரைந்து வெட்டுங்கள். அதைப் புரட்டிப் போடுங்கள். வலது கைதான் இருக்கும். தோலும் அப்படித்தான். மறுநாள் தையல் செக்‌ஷனில் ஜோடி சேர்க்க உட்கார்ந்தபோது அறுநூற்று நாற்பது வலது காலுக்கு அறுநூற்று நாற்பது வலது காலே ஜோடியாக வந்து நின்றது.

அவன் அறைக்கு ஓடினேன். காசியண்ணனும் பின்னால் வந்தார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "புரட்டிப் போட்டா லெஃப்ட் ரைட் மாறும்னு எவனுக்குத் தெரியும்? நீதானம்மா பாத்துக்கணும்" என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. எம்.பி.ஏ. படித்து நேராக ஏ.சி. அறைக்கு வந்தவன். தோலை அவன் தொட்டுப் பார்த்தது பர்ஸில் மட்டும்தான். தெரியாதது பாவமில்லை. ஆனால் விசாரணை அன்று முதலாளி முன்னால் அதே வாய் வேறு பாட்டுப் பாடியது. "சார், பதினெட்டு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். புரட்டினா மாறும்னு சின்னப் புள்ளைக்கே தெரியும். நான் போய்ச் சொல்லுவேனா? இந்தம்மா செக்‌ஷன்ல இல்ல, அதான் நடந்தது."

முதலாளி நயீம் அகமது சாஹிப் காசியண்ணனைப் பார்த்தார். காசியண்ணன் தரையைப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுவாரமே நான் பாக்கிங்கில் இருந்தேன்.

அதோடு விட்டானா? கேண்டீனில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நம்ம சங்கீதா மேடம் ஒத்தக்கால்காரங்களுக்குன்னே தனியா ஷூ போடறவங்க" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து எனக்குப் பேர் ஒத்தக்கால். பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினால், "ஒத்தக்காலுக்கு எடம் உடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும். என் கீழே வேலை கற்றுக்கொண்ட பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் மாமியார், "பொறுத்தார் பூமி ஆள்வார், உட்டுடு" என்றார். பூமி எனக்கு எதற்கு? என் பேர் வேண்டும், என் செக்‌ஷன் வேண்டும்.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அவன் சின்ன வயசில் அப்பா குவைத்தில் இருந்தபோது வாங்கி வந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குத் தனி டப்பா, மானிட்டர் ஒன்றும் கிடையாது. கீபோர்டே கம்ப்யூட்டர். டிவியில் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் கீய்ங் என்று காதைக் கிழிக்கும். பிறகுதான் ஆட்டம் ஏறும். வருஷா வருஷம் ஜனவரியில் கம்பெனி ஃபேமிலி டே வரும். பெண்களுக்கு எலுமிச்சம்பழம் ஸ்பூன், குழந்தைகளுக்கு நாற்காலி ஓட்டம் எல்லாம் முடிந்ததும் இவன் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருவான். பெரிய ஸ்கிரீனில் ஆட்டம் ஓடும். அதன் இங்கிலீஷ் பேர் எங்களில் யார் வாயிலும் நுழையாது. பூதக்குகை என்று நாங்களே பேர் வைத்துவிட்டோம்.

மேலே இருந்து பார்ப்பது போல ஒரு குகை. அறை அறையாகச் சுவர்கள். எலும்புக் குழிகளிலிருந்து பூதங்கள் வந்துகொண்டே இருக்கும். குழியை உடைக்கும் வரை நிற்காது. நம் ஆளுக்கு ஒரு உயிர்க் கணக்கு உண்டு. சும்மா நின்றாலும் அது குறையும், பூதம் தொட்டால் மடமடவென்று குறையும். வழியில் சோற்றுப் பானை கிடந்தால் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம், தவறிப் போய் ஈட்டி பட்டால் பானை உடைந்துவிடும். சாவி இருந்தால் கதவு திறக்கும், திறக்கும் வரை அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இரண்டு பேர் ஒன்றாக இறங்கலாம். யார் கடைசி வரை உயிரோடு இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். மொத்தம் எட்டு மாடி.

அவனோடு ஆட வருகிறவர்கள் இரண்டாவது மாடியிலேயே செத்துவிடுவார்கள். ஜாய்ஸ்டிக்கை அவன் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ரப்பர் கீபோர்டைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? பிறகு தனியாக எட்டு மாடியையும் முடித்து, வாழ்த்து எழுத்து வந்ததும் குனிந்து கும்பிட்டு, பிளக்கைப் பிடுங்குவான். முதலாளி கை தட்டுவார்.

போன வருஷம் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தபோதுதான் தோன்றியது. கம்பெனியில் எந்த இடத்திலும் என்னை அவனுக்குச் சமமாக உட்கார வைக்க மாட்டார்கள். அங்கே மட்டும் உட்கார வைப்பார்கள்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாசிர் என் வீட்டுக்காரரின் தோஸ்த். அவரிடம் கேட்டேன். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். ஒரு ஓட்டை லேப்டாப்பில் அதைப் போட்டு, ஆட்டத்தையும் ஏற்றிக் கொடுத்தார். "அக்கா, இது பேஜார் புடிச்ச ஆட்டம். கை வலி வந்துடும்" என்றார். வரட்டும் என்றேன்.

காலையில் தண்ணீர் பிடித்து வைத்ததும் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு நடுவில் இரண்டு மணி நேரம். என் வீட்டுக்காரர் பூவரசன் அரசு பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்து, "இன்னா, இன்னிக்கு எத்தினி பூதம்?" என்று கேட்பார். எல்லாப் பூதத்துக்கும் நவநீதன் என்றே பேர் வைத்திருந்தேன். அடிக்க அடிக்கக் கை சலிக்கவில்லை. வாயில் சொல்ல முடியாததை எல்லாம் அந்தப் பூதங்களிடம் சொன்னேன்.

நாலு மாசத்தில் எட்டாவது மாடியை முடித்தேன். வாழ்த்து எழுத்து வந்தது. சந்தோஷத்தில் எழுந்தவளுக்கு அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஸ்கிரீனில் மறுபடியும் முதல் மாடி. பிளக்கைப் பிடுங்காமல் விட்டால் ஆட்டம் தொடர்கிறது. சரி, தெரிந்த மாடிதானே என்று வழக்கம் போல இடது பக்கம் ஓடினேன். அங்கே நாலு சோற்றுப் பானை இருக்க வேண்டும். நாலு எலும்புக் குழி இருந்தது. ஒரு நிமிஷத்தில் செத்தேன்.

இன்னொரு தடவை எட்டு மாடியும் முடித்து அங்கே போக எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. இந்த முறை இடது பக்கம் ஓடவில்லை, வலது கதவைத் திறந்தேன். நின்று பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் கட்டிங்கில் நின்ற கண். ஒரு துண்டைப் பார்த்தால் அதைப் புரட்டினால் எப்படி இருக்கும் என்பதும் கூடவே தெரியும். அது புது மாடி இல்லை. முதல் மாடியையே அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். நடு அறைக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி கதவு என்பதால் நிற்கிற இடத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. இடது பக்கம் இருந்த சோறு வலது பக்கம் போயிருந்தது, வலது பக்கம் இருந்த சாவு இடது பக்கம் வந்திருந்தது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். பூவரசன் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாம்மே, தனியா சிரிக்கிற? வெயிலு தலைக்கு ஏறிடுச்சா?" என்றார். முப்பது வருஷமாக அவன் வாழ்த்து எழுத்தைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்குகிறவன். இந்த மாடி இருப்பதே அவனுக்குத் தெரியாது. புரட்டினால் மாறும் என்று சின்னப் பிள்ளைக்கே தெரியும் என்றானே, அந்தச் சின்னப் பிள்ளை அளவுக்கு அவனுக்குத் தெரியுமா என்று ஊரே பார்க்கட்டும். அதற்குப் பிறகு எட்டு மாசம் அந்த ஒன்பதாவது மாடிக்காகவே ஆடினேன்.

இந்த ஜனவரி ஃபேமிலி டேக்கு ஷெட்டில் மிஷின்களை எல்லாம் ஓரம் தள்ளி, நடுவில் பந்தல் துணி கட்டியிருந்தார்கள். எண்ணூறு பேர் இருக்கும். முன்வரிசை சோஃபாவில் நயீம் சாஹிப், அவர் பக்கத்தில் அவர் வீட்டம்மா அஃப்ஸர் ஜஹான். அவன் சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டிக்கொண்டு மேடையில் நின்றான். ஆடிக்கொண்டே பேசுவதற்கு அது. "யார் வர்றீங்க? சாவறதுக்கு யாரு ரெடி?" என்றான். நான் கையைத் தூக்கினேன்.

"அட, நம்ம சங்கீதாவா! வாம்மா, வா. பாத்து ஏறு, ஒத்தக்கால் வழுக்கிடப் போவுது." ஷெட்டே சிரித்தது. நான் மேடை ஏறி நேராக சாஹிப்பைப் பார்த்துச் சொன்னேன். "ஒரே ஒரு கண்டிஷன் சார். ஒருத்தர் சாகற வரைக்கும் ஆடணும். நடுவுல யாரும் பிளக்கைப் புடுங்கக்கூடாது." சாஹிப்புக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். "சரிதானே நவநீதன், அதானே நியாயம்" என்றார். அவன், "சாகப் போறது இந்தம்மாதான சார், எனக்கு இன்னா?" என்றான்.

கீபோர்டு கைக்கு வந்தது. அந்த ரப்பர் பட்டன்கள் அழி ரப்பரை அழுத்துவது போல இருந்தன. லேப்டாப்பில் பழகிய விரல் முதல் இரண்டு மாடியிலும் தடுமாறியது. மூன்றாவது மாடிக் கடைசியில் என் உயிர் நூற்றுக்குக் கீழே போய்விட்டது. அவன் கோடாலிக்காரன், நான் ஈட்டிக்காரி. எனக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பானை கிடந்தது. அவன் வேண்டுமென்றே அதன் மேல் கோடாலியை எறிந்து உடைத்தான். "சாரிம்மா, கை தவறிடுச்சு" என்று மைக்கில் சொன்னான். கூட்டம் ஓவென்றது. இங்கேயே செத்துப் போனால் பாக்கிங்கிலேயே கிழவியாகி விடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாடியில் ஒரு பானை எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுவரை ஒட்டியே ஓடி அதை எடுத்தேன். அதற்குள் விரலும் பட்டனுக்குப் பழகிவிட்டது.

ஆறு, ஏழு. கூட்டத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. பாக்கிங் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். எட்டாவது மாடியில் இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். வாழ்த்து எழுத்து விழுந்தது. அவன் கை பழக்கத்தில் பிளக் பக்கம் போனது.

"சார், கண்டிஷன்" என்றேன்.

"முடிஞ்சுதேம்மா. எட்டு மாடிதான்."

"ரெண்டு பேரும் உயிரோட இருக்கோமே சார்."

சாஹிப், "உடுங்க நவநீதன், பாக்கலாம்" என்றார். வாழ்த்து எழுத்து தானாக மறைந்தது. முதல் மாடி வந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அட, மொதல்லேர்ந்து! இது நான் கண்ணை மூடிக்கினு ஆடுவேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கையிலிருந்த ஒரே சாவியால் இடது கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. இந்த ஆட்டத்தில் மூடின கதவுக்கு இன்னொரு சாவி வேண்டும். நான் என் சாவியால் வலது கதவைத் திறந்தேன். நாலு பானை. நிதானமாக மூன்றைச் சாப்பிட்டேன், பக்கத்தில் கிடந்த இரண்டு சாவியை எடுத்து, ஒன்றால் கதவைத் திறந்து, இன்னொன்றோடு நடு அறைக்குத் திரும்பி வந்து நின்றேன்.

"ஏய், இது இன்னாது? சோறு எங்க?" நாலு குழியிலிருந்தும் பூதங்கள் ஈசல் மாதிரி கிளம்பி அவன் கோடாலிக்காரனை மொய்த்தன. அவன் உயிர்க் கணக்கு எண்ணூறிலிருந்து ஐந்நூறுக்கு இறங்கியது. "இது தப்பு. மேப்பே தப்பு. கேசட் கெட்டுடுச்சு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"கேசட் சரியாத்தான் இருக்கு சார்" என்றேன்.

"உன்கிட்ட சாவி இருக்குல்ல? கதவைத் தொற!" முந்நூறு. நெற்றியில் வேர்வை. எண்ணூறு பேர் பார்க்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

"தொறக்க மாட்டேன் சார். நீங்க பாத்துப் போயிருக்கணும். மாடியைப் புரட்டிப் போட்டிருக்காங்க, அவ்ளோதான்."

அவன் ஜாய்ஸ்டிக்கை மேஜை மேல் அடித்தான். "புரட்டிப் போட்டா லெஃப்ட் ரைட் மாறும்னு எவனுக்குடி தெரியும்?"

காலர் மைக் அதை ஷெட்டின் நாலு மூலைக்கும் கொண்டு போனது. கட்டிங் செக்‌ஷன்காரர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தோலோடு புரள்கிற அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் புக்கென்று சிரித்தார். அவன் மானத்தை வாங்கத்தான் நான் வந்தேன். அந்த வார்த்தையே திரும்ப வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் காசியண்ணன் எழுந்தார். அடுத்த மாசம் ரிட்டையர் ஆகிறவர். இரண்டு வருஷமாக என் கண்ணைப் பார்க்காத மனுஷன். "சாஹிப், அன்னிக்கும் இதே வார்த்தைதான் சொன்னாரு. ஸ்வேட் ஆர்டர் கெட்டுச்சே, மறுநாளு ரூம்ல வச்சி. புரட்டிப் போட்டு வெட்டுன்னு எங்கிட்ட சொன்னதும் இவருதான். சங்கீதாம்மா அப்போ ஸ்டோர்ல இருந்துச்சி. வேல போய்டும்னு நான் வாயத் தொறக்கல. தப்பு என்னுதும் இருக்கு" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அது கொஞ்சம் இறங்கியது, முழுசாகப் போகவில்லை.

நயீம் சாஹிப் சோஃபாவிலிருந்து எழுந்தார். அவர் பதினாறு வயசில் அவர் அப்பாவின் தோல் மண்டியில் தோல் புரட்டி வளர்ந்தவர். மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நவநீதன், விசாரணைல எங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"சார், இது சும்மா ஆட்டம்... ஏதோ டென்ஷன்ல வாய் தவறி..."

"ஆட்டத்தை நான் கேக்கல. புரட்டச் சொன்னது யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். ஸ்கிரீனில் அவன் உயிர் நாற்பதுக்கு வந்திருந்தது. காலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தான். "சங்கீதா, உன்ன மறுபடியும் கட்டிங்க்கே போட்டுடறேன். நாளைக்கே வீட்டுக்கு வந்து உன் காலைப் புடிச்சி மன்னிப்பு கேக்கறேன். இங்க வேணாம். என் பொண்டாட்டி உக்காந்திருக்கா" என்றான். அவன் மனைவி முன்வரிசை ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வினாடி எனக்கு அவளைப் பார்த்துப் பாவமாக இருந்தது. கேண்டீனில் நான் தட்டோடு நின்றபோது என் மேல் யாருக்குப் பாவமாக இருந்தது? மன்னிக்கிற மனசு எனக்கு வரவில்லை. வரவழைக்கவும் நான் முயற்சி செய்யவில்லை.

"வீட்டுக்கெல்லாம் வராதீங்க சார். மைக்ல இருந்து கைய எடுங்க" என்றேன்.

கை மெதுவாக இறங்கியது. ஸ்கிரீனில் கோடாலிக்காரன் கரைந்து எலும்பாக விழுந்தான். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

"நான்தான் சொன்னேன்" என்றான். பாதி முணுமுணுப்பு. "புரட்டச் சொன்னது நான்தான். அவங்க இல்ல."

நான் கீபோர்டை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தேன். கடைசி வரிசையில் நாற்காலி மேல் நின்றிருந்த என் பாக்கிங் பெண்களைக் காட்டினேன்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு வாட்டி சொல்லுங்க."